இடது செருப்பைக் கழட்டுங்க

நாத்தனார் மலைக்குக் கிளம்பிய அந்தப் புதன்கிழமையும் கிளட்ச் அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்தார். மற்றவர்கள் வாசலில் வரிசையாக நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் வழியே தோள்வரை உள்ளே நுழைந்து, பெடல்கள் இருக்கும் இருட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, தலையை எடுத்தா நான் கிளம்புவேன்," என்றாள் நாத்தனார்.

"நீ காலை எடு. நான் தலையை எடுக்கறேன்."

"எந்தக் கால்?"

"அடிக்கடி தூங்கற கால்."

நாத்தனார் இடது பாதத்தைக் கிளட்ச் பெடலிலிருந்து எடுத்து, தட்டில் வைப்பதுபோல் ஓரமாக வைத்துக் காட்டினாள். அக்கா தலையை எடுத்துக்கொண்டார். சாம்பல் நிறக் கார் தெருமுனையில் திரும்பும்போது அந்தக் கால் பழைய இடத்துக்கே போயிருக்கும் என்பது இருவருக்குமே தெரியும்.

இப்படி ஆளைக் காலிலிருந்து படிப்பது அக்காவின் தொழில் பழக்கம். டயர் கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் இருக்கிறது அவருடைய உதிரிபாகக் கடை. எல்லாக் காருக்கும் எல்லாமும் விற்கும் கடை இல்லை. கிளட்ச், ஃப்ளைவீல், அவற்றைச் சேர்ந்த சில்லறைச் சாமான்கள், அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் பில் எழுத வந்தவர், ஐம்பதை நெருங்கும்போது முதலாளி. சுவர்க் கடிகாரம்கூடப் பழைய கிளட்ச் பிளேட்டில் முள் பொருத்தியதுதான். பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஸ்பிரிங்குகள். மற்ற மணிகளை உத்தேசமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாகம் வாங்க யார் வந்தாலும் முதல் கேள்வி வண்டி என்ன மாடல் என்பது இல்லை. தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, "இடது செருப்பைக் கழட்டுங்க" என்பார்.

புதிதாக வருகிறவர்கள் கோயிலோ மருத்துவமனையோ என்று ஒரு கணம் குழம்புவார்கள். அக்கா அதற்குள் செருப்பை வாங்கிக் கவிழ்த்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடிப்பாகத்தைக் கட்டை விரலால் தடவ ஆரம்பித்திருப்பார். "குதிகால் தேஞ்சா நடந்து தேஞ்சது. பெருவிரலுக்குக் கீழ மட்டும், அதுவும் இடதுல மட்டும் தேஞ்சிருந்தா, அது நடந்து தேஞ்சது இல்லைங்க. பெடல் மேல படுத்துத் தேஞ்சது." அப்படித் தேய்ந்த செருப்புக்கு ஒரு சரக்கு, தேயாத செருப்புக்கு வேறு சரக்கு. காரணம் கேட்டால் விளக்குவார். "ஓட்டும்போது காலைக் கிளட்ச் மேல சும்மா வச்சாலே அது பாதி அமுங்கின மாதிரிதான். ஒட்டவும் விடாம பிரியவும் விடாம உரசிக்கிட்டே இருக்கும். அதுலயே சூடாகிச் செத்துப்போகும்."

வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் செருப்போடு காலுறையையும் காட்ட நேர்ந்தது. ஓட்டை வழியே பெருவிரல் ஆமைத் தலைபோல் எட்டிப் பார்த்தது. "பாருங்க, உறையும் சாட்சி சொல்லுது" என்றார் அக்கா. இன்னொருவர் ஏமாற்றிப் பார்க்கலாம் என்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு, "சரி, செருப்பு புதுசு. பாதமும் புதுசா? தூக்குங்க" என்று காய்ப்பைப் பார்த்துச் சரக்கைக் கொடுத்தார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "நான் எவன் எதிரிலயும் பூட்ஸைக் கழட்டினது கிடையாது" என்றார்.

"கழட்டாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கழட்டுங்க."

அதிகாரி கயிற்றை அவிழ்த்தார்.

பழைய பிளேட்டைக் கொண்டுவந்தால் முகர்ந்து பார்ப்பார். கருகிய வாடையில் வகைகள் உண்டு அவருக்கு: மேட்டில் நிறுத்திப் பாதிக் கிளட்சில் பிடித்து வைத்தது ஒன்று, நெரிசலில் நகர்ந்து நகர்ந்து தீய்ந்தது ஒன்று, புது மாப்பிள்ளை அவசரம் ஒன்று. நடுத்துளையின் பற்களைச் சாக்குக்கட்டியால் ஒன்றில் குறியிட்டு எண்ணுவார். எண்ணும்போது யாராவது பேசினால் ஆள்காட்டி விரல் மேலே போகும்; எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பேட்டரிக் கடைக்காரர் பொழுது போகாதபோது வேண்டுமென்றே வந்து, "அக்கா, மணி என்ன?" என்று கேட்டுவிட்டு ஓடுவதும் உண்டு.

இத்தனைக்கும் அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கடைக்கு நடந்து வருவார்; தூரம் என்றால் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால். நாத்தனார் இருபது வருடமாக இதைக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறாள். "ஸ்டீயரிங் புடிக்கத் தெரியாதவங்க கிளட்சுக்கு வைத்தியம் பாக்கறாங்களாம்!"

"மாட்டு டாக்டர் மாட்டு மேல ஏறியா ஊசி போடறாரு?"

இந்த இருவருக்கும் நடுவில் இருப்பவர் அக்காவின் வீட்டுக்காரர், நாத்தனாரின் அண்ணன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கிளட்ச் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அக்கா அவரைத்தான் உதாரணம் காட்டுவார். "எஞ்சின் ஒரு பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும், எங்க நாத்தனார் மாதிரி. கியர்பாக்ஸ் ஒரு பக்கம் அதும்பாட்டுக்கு இருக்கும், என்னை மாதிரி. நடுவுல ஒரு பிளேட்டு, ரெண்டையும் சேர்த்து வைக்கும், தேவைப்பட்டா பிரிச்சு வைக்கும். தேயறது பூரா அந்த நடுவுல இருக்கறதுதான். எங்க வீட்டுக்காரர் தலையைப் பாருங்க, முடி இருக்கா?"

நாத்தனார் தாதி. மூன்று வருடம் விண்ணப்பம் போட்டு, மலை மேல் ஒரு சின்னச் சுகாதார நிலையத்தின் பொறுப்பை வாங்கியிருந்தாள். தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஏற வேண்டும். கூப்பிட்டால் பிரசவத்துக்கும் போக வேண்டும். சொந்தக் கார் இருந்தால்தான் வேலை நடக்கும். அண்ணன் அந்தக் காரை நம்பவில்லை. தங்கையின் காரில் அதற்கு முன்பே இரண்டு கிளட்ச் கருகியிருந்தது. கணக்கு வாத்தியார் அல்லவா, நிபந்தனை போட்டார்: ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மலை ரோட்டில் வண்டி ஒரே ஒரு தடவை நின்றாலும், பேசாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே வந்துவிட வேண்டும்.

"நிக்கலேன்னா?" என்றாள் தங்கை.

"நிக்கலேன்னா நீ சொல்றதைக் கேக்கறேன்."

"நிக்கலேன்னா நீங்க மேல வந்து ஒரு வாரம் எனக்குப் பாத்திரம் கழுவணும்."

கை குலுக்கிக்கொண்டார்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு நாத்தனாரின் கார் ஊருக்குள் இருக்கும் மேம்பாலத்தையே ஏற மறுத்தது. எஞ்சின் கத்தியது, வண்டி நத்தைபோல் ஊர்ந்தது. மூன்றாவது கிளட்சும் போய்விட்டது.

கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டையும் ஃப்ளைவீலையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் வாலில் சுற்றும் கனமான இரும்புச் சக்கரம்; கிளட்ச் பிளேட் அதன் முகத்தில்தான் ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். அந்த முகம் சூட்டில் நீலம் பாரித்து, மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. இந்தக் காரில் ஃப்ளைவீல் இரண்டு அடுக்கு. நடுவில் ஸ்பிரிங்குகள் இருந்து எஞ்சினின் அதிர்வை வாங்கிக்கொள்ளும். அக்கா அந்த ஜாதிக்கு வைத்திருக்கும் பெயர் மெத்தை. மேலடுக்கைக் கையால் திருகிப் பார்த்தார். ஆட வேண்டியதற்கு மேல் ஆடியது.

"மெத்தை கிழிஞ்சுபோச்சு. பிளேட்டு மட்டும் மாத்தினா போதாது, இதையும் சேர்த்துத்தான் மாத்தணும்."

கடையில் அதற்கு இரண்டு மாற்று இருந்தது. ஒன்று, அதே போல் புது மெத்தை. வழுவழுவென்று ஓடும், சத்தம் வராது. ஆனால் சூடு தாங்காது. மற்றது, ஸ்பிரிங் எதுவும் இல்லாத ஒரே இரும்பு. அதற்குப் பெயர் பலகை. முரட்டுச் சாமான், சூட்டுக்கு அசையாது. ஆனால் அதிர்வை மறைக்காது. வண்டி நிற்கும்போது கடகடவென்று சத்தம் வரும்.

"மெத்தையே போட்டுடலாம் அக்கா. கம்பெனியிலயே அதான வச்சு அனுப்பறான்," என்றார் மெக்கானிக்.

"சத்தம் வரக் கூடாது. பிரசவ வலியில ஒருத்தியை ஏத்திக்கிட்டு வரும்போது வண்டியும் சேர்ந்து முனகினா எப்படி?" என்றாள் நாத்தனார்.

அக்கா நாத்தனாரின் இடது செருப்பைக் கேட்டார்.

"எனக்குமா அண்ணி?"

"உனக்குத்தான் முதல்ல."

பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்கு வழித்து எடுத்தாற்போல் குழி. அக்கா குழிக்குள் கட்டை விரலை வைத்தார், கச்சிதமாகப் பொருந்தியது.

"பலகை," என்றார்.

மெக்கானிக் மேலே பார்த்தார், வாத்தியார் கீழே பார்த்தார். நாத்தனார் செருப்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டாள். "தெரியும் எனக்கு. அடுத்தவங்க தங்கச்சியா இருந்தா மெத்தை, வீட்டுக்காரர் தங்கச்சிக்குப் பலகை!"

"ஆமாண்டி. மெத்தையில படுக்க வச்சா உன் கால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

சிரிப்பில் அது கரைந்துபோனது. ஆனால் அக்கா சொன்னதில் பாதிதான் வேடிக்கை. மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மெக்கானிக் ஒருவரைத் தவிர.

மறுநாள் மதியம் கொட்டகையில், பலகை பொருத்திய வேறொரு வண்டி நின்றிருந்தது. அக்கா மெக்கானிக்கை எஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தொடக்கூட இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். இடது செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தைக் கிளட்ச் பெடல் மேல் பூப்போல வைத்துக் கண்ணை மூடினார். பெருவிரலில் கிளம்பிய குறுகுறுப்பு, எறும்பு வரிசைபோல் முழங்கால்வரை ஏறியது. எட்டுவரை எண்ணினார், ஒன்பதில் கால் தானாகத் துள்ளிக்கொண்டது.

"என்னக்கா, பேய் புடிச்சுதா?"

"நாத்தனார் புடிச்சா. இதைச் சொன்னேன்னு வையி, வேணும்னே காலை வச்சுக்கிட்டே ஓட்டுவா. நீ வாயைத் திறக்காத."

பலகைக்கு ஏற்ற பிளேட்டை அவரே தேர்ந்தெடுத்தார். ஃப்ளைவீலில் ஸ்பிரிங் இல்லையென்றால் பிளேட்டில் ஸ்பிரிங் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லாமல் போட்டால் கியர்பாக்ஸின் பல் கொட்டிப்போகும். ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, மூன்று பிளேட்டைத் தள்ளிவிட்டு நான்காவதை எடுத்தார். போல்ட் ஆறும் புதிது. "ஒரு தடவை இழுத்து முறுக்கின போல்ட்டு, ஒரு தடவை அழுத கண்ணு மாதிரி. திரும்ப முறுக்கினா எப்ப விட்டுடும்னு சொல்ல முடியாது" என்று பழைய ஆறையும் தன் கையாலேயே குப்பையில் போட்டார். அதோடு, யாருக்கும் தெரியாமல் இன்னொரு காரியமும் செய்தார். அந்த மாடலுக்கு வந்திருந்த ஒரே மெத்தையை விற்காமல், பெட்டியோடு தன் ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவைத்தார். அந்தக் குறுகுறுப்பு எறும்பு தோற்று, நாத்தனாரின் கால் ஜெயித்தால், மறுநாளே மெக்கானிக்கோடு மலைக்கு அனுப்ப வேண்டியிருக்குமே.

நாத்தனார் கிளம்பிய அந்தப் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, மலையடிவாரத்திலிருந்து அழைப்பு வந்தது. வாத்தியார் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணியைக் கூப்பிடுங்க! அண்ணி, என்னத்தைப் போட்டுத் தொலைச்சீங்க? காலெல்லாம் கூசுது! முட்டிவரைக்கும் மரத்துப்போச்சு!"

"எந்தக் கால்?"

"இடது கால்!"

"வலது கால் கூசுதா?"

"அது எதுக்குக் கூசணும்?"

"அப்ப வண்டி நல்லாத்தான் இருக்கு. கூசற காலை எடுத்து ஓரமா வை."

அந்தப் பக்கம் எஞ்சின் கடகடத்தது. பிறகு, "அண்ணா, உங்க பொண்டாட்டிகிட்ட இனிமே நான் பேசறதா இல்ல" என்ற குரலோடு அழைப்பு நின்றது. வாத்தியார் மனைவியைப் பார்த்த பார்வையில் இருபது வருடத் தேய்மானமும் இருந்தது.

நாத்தனார் சொன்ன சொல் தவறவில்லை. வாரம் ஒரு முறை அண்ணனோடு பேசினாள். "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்றுகூடக் கேட்பாள், ஆனால் அண்ணியிடம் போனைக் கொடுக்கச் சொல்ல மாட்டாள். வண்டி எப்படி என்று அண்ணன் கேட்டால், "ஓடுது" என்பாள்.

"ஓடுதாமே," என்று வாத்தியார் வந்து சொல்வார்.

"ஓடலேன்னா மட்டும் உங்ககிட்ட சொல்லிடுவாளா? பந்தயம் கட்டியிருக்கா."

மழை தொடங்கியது. அக்காவின் எண்ணிக்கையில் தப்பு விழ ஆரம்பித்தது; யாரும் பேசாமலே விரல் மேலே போய், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரர்களிடம் செருப்பை வாங்கும் சாக்கில், "மேல ஒரு சாம்பல் கலர் காரு எங்கயாவது நின்னுக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நீலக் காரைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். ஸ்டூலுக்கு அடியிலிருந்த பெட்டியை மூன்று பேர் விலைக்குக் கேட்டார்கள். "இருக்கு, ஆனா இல்ல" என்று மூன்று பேரையும் அனுப்பினார். உட்காரும்போது இடது காலை அந்தப் பெட்டி மேல் வைத்துக்கொள்வது அவருக்கே தெரியாமல் பழக்கமாகியிருந்தது. டயர் கடைக்காரர் கவனித்துவிட்டு, "ஊருக்கெல்லாம் உபதேசம், அக்காவோட கால் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். "இது பெடல் இல்லடா, பெட்டி" என்றார் அக்கா. காலை எடுக்கவில்லை.

மழை ஓய்ந்து பத்து நாள் கழித்து, ஒரு மதியம். பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் கடையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இடது செருப்பு அக்காவின் கையில்.

"நல்ல காலுங்க உங்களுது. இந்தக் காலுக்கு மெத்தை தாராளமாத் தாங்கும். ஆனா சரக்கு இல்ல."

"உங்க காலுக்குக் கீழ இருக்கற பெட்டியில என் வண்டிக்குப் பொருந்தற பார்ட் நம்பர்தானே போட்டிருக்கு?"

"போட்டிருக்கு. ஆனா இல்ல."

போன் சிணுங்கியது. நாத்தனாரின் பெயர் திரையில் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குரல் இல்லை, ஒரு புகைப்படம். சிமெண்டுத் தரையில் விரித்த பழைய செய்தித்தாள்; அதன் மேல் கவிழ்த்து வைத்த ஒரு ஜோடிக் கறுப்புச் செருப்பு. அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சேறு காய்ந்திருந்தது. இரண்டு குதிகாலும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தன. இடது பெருவிரலுக்குக் கீழே, வாங்கிய அன்றிருந்த வரிகள் அப்படியே இருந்தன.

படத்துக்குக் கீழே எழுத்து.

"மேல வந்த வாரம் வாங்கின செருப்பு. மழை முடிஞ்சுது. ஒரு தடவையும் நிக்கல. பலகை எதுக்குன்னு புரிய அரை நாள் ஆச்சு அண்ணி, ஒத்துக்க எட்டு மாசம் ஆச்சு. அண்ணனை அனுப்பி வைங்க, பாத்திரம் சேர்ந்துபோச்சு."

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். வீட்டுக்காரரை அழைத்து, "ஒரு வாரம் லீவு எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

வேன்காரர் இன்னமும் ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தார். அக்கா செருப்பை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெட்டி மேல் கிடந்த தன் இடது காலை எடுத்துத் தரையில் வைத்தார். ஒரு சாக்கை நான்காக மடித்து, வேன்காரருக்கு முன்னால் இருந்த மேசையின் கண்ணாடி மேல் போட்டு, குனிந்து, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அதன் மேல் வைத்தார்.